எழுதுகோல் ஓய்ந்த நாட்கள்

 

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஓர் இரவு. ஊரடங்கினால் மதுரை மாநகரமே மூச்சடங்கிக் கிடந்தது. காஜிமார் தெருவிலிருந்து கீழவாசல் வரை ஆள் அரவமில்லை. இஷாத் தொழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டு அமர்ந்திருந்தோம். என் தாயார் வழக்கம்போல் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவர் முகம் சுருங்கியது.

"ஏம்ப்பா, இது முன்னாடியே பார்த்ததுதானே? பழசையே திரும்பப் போடுறாங்களே, புதுசுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"படப்பிடிப்பு எல்லாம் நின்னு போச்சும்மா. எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப அதெல்லாம் அன்னன்னைக்குச் செய்யிறதா? மொத்தமா எடுத்து வச்சிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

1999-இல் 'சித்தி' தொடங்கிய நாளிலிருந்து இருபது ஆண்டுகளாக மாலை நேரத் தொடர்களைப் பார்த்து வருபவர் என் தாயார். எந்த நடிகை எந்தத் தொடரில் மருமகள், எதில் மாமியார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயினும், அந்த மருமகள் பேசும் பேச்சை யாரோ ஒருவர் முந்தைய நாள் உட்கார்ந்து தாளில் எழுதியிருப்பார் என்ற எண்ணம் அவருக்கு அன்றுதான் முதன்முதலாக ஏற்பட்டது. உண்மையைச் சொன்னால், பெரும்பாலோருக்கு அந்த எண்ணமே எழுவதில்லை.

அன்று திரை நின்றது நோயினால். ஆனால் நோயும் இல்லை, வெள்ளமும் இல்லை. எழுதுகிறவர்களும் உழைக்கிறவர்களும் "எங்களுக்குரியதைத் தாருங்கள்" என்று கேட்டுக் கைகட்டி நின்றதால் திரை நின்ற நாட்களும் உண்டு. அந்த நாட்களைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்குத் தொலைக்காட்சிக்காரர்களின் வேலைநிறுத்தத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெட்டி வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அது நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருக்கிறது. அதில் வரும் கதையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அப்படியானால் அந்தக் கதையை ஆக்கியவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பதும் நம்மைச் சேர்ந்த காரியமே.

அன்றாடம் எரியும் அடுப்பு

நாள்தோறும் வரும் ஒரு தொடர் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாட்கள். ஒவ்வொரு நாளும் விளம்பரம் போக இருபது நிமிடங்களுக்குக் குறையாத கதை. கதையின் போக்கை ஒருவர் வகுப்பார். அதைக் காட்சிகளாகப் பிரித்துத் திரைக்கதை ஆக்குபவர் இன்னொருவர். வசனம் எழுதுபவர் பெரும்பாலும் மூன்றாமவர். வசனத் தாள்கள் படப்பிடிப்புத் தளத்தை அடைந்த பிறகே விளக்குகள் எரியும். நடிகர்கள் வாய் திறப்பார்கள்.

இதில் ஓய்வே கிடையாது. நடிகைக்குக் காய்ச்சல் என்றால் அவர் வரவேண்டிய காட்சியை உடனே மாற்றி எழுத வேண்டும். நடிகர் ஒருவர் தொடரை விட்டு விலகினால் அவரை வெளியூருக்கு அனுப்பியோ, விபத்தில் சிக்கவைத்தோ கதையை நகர்த்த வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வாரந்தோறும் வரும். எண்ணிக்கை குறைந்தால் நேற்று வரை நல்லவளாக இருந்த அண்ணி அடுத்த வாரம் பொல்லாதவளாகி விடுவாள். அவ்வளவையும் தாங்குவது எழுதுகிறவரின் முதுகு.

நம் வீட்டு அடுப்பும் இப்படித்தானே? மூன்று வேளையும் சோறு வரும்வரை அடுப்படியில் யார் நிற்கிறார் என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால்தான் வீடே கேட்கும், "என்னாச்சு?" என்று.

மும்பையில் பன்னிரண்டு நாட்கள்

அடுப்பு அணைந்த அத்தகைய ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே 2008-ஆம் ஆண்டு நடந்தது. மும்பையில் இந்தித் திரைப்படம், தொலைக்காட்சி இரண்டிலும் பணிபுரியும் பலவகைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பாக மேற்கிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் இயங்கி வருகிறது. விளக்குப் பிடிப்பவர், அரங்கம் அமைப்பவர், தளத்தில் ஓடியாடிக் கைவேலை செய்பவர் முதலியோருக்குக் கூலியை உயர்த்த வேண்டும் என்று கேட்டு, அச்சம்மேளனம் அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தது. சில நாட்கள் பேச்சு நடந்தது, உடன்பாடும் எழுதப்பட்டது. ஆனால் பிணக்கு தீரவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி தொடர்களின் படப்பிடிப்பு அடியோடு நின்றது.

இனி தேதிகளைக் கவனியுங்கள். 8-ஆம் தேதி படப்பிடிப்பு நின்றது. 10-ஆம் தேதி முதல் இந்தி அலைவரிசைகளில் பழைய பகுதிகள் மறுஒளிபரப்பாயின. நாடெங்கும் கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொடர்கள். ஆனால் கைவசம் இருந்த சரக்கு இரண்டு நாளைக்குத்தான்! குழந்தைத் திருமணத்தின் கொடுமையைச் சொல்ல வந்த 'பாலிகா வது' என்னும் தொடர் அப்போது நான்கு மாதக் குழந்தை. பின்னாளில் தமிழில் 'மண் வாசனை' என்ற பெயரில் நம் வீடுகளுக்கும் வந்ததே, அதே தொடர்தான். அதுவும் நின்றது.

நவம்பர் 19-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. மறுநாளே படப்பிடிப்பு தொடங்கியது. ஆனால் புதிய பகுதிகள் திரைக்கு வந்தது டிசம்பர் 1-ஆம் தேதிதான். பன்னிரண்டு நாட்கள் அடுப்பு அணைந்ததற்கு மூன்று வாரம் பழைய சோறு. அந்த மூன்று வாரமும் பார்வையாளர் இழந்தது தொடரின் அடுத்த திருப்பத்தை மட்டுமே. விளக்குப் பிடித்தவருக்கோ பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் நின்றார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நான்கு காசும் நூறு நாளும்

அதே 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகின் மற்றொரு கோடியில், எழுத்தாளர்களே நடத்திய ஒரு பெரிய வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுகிற சுமார் 12,000 பேர் 2007 நவம்பர் 5-ஆம் தேதி பேனாவைக் கீழே வைத்தார்கள். 2008 பிப்ரவரி 12-ஆம் தேதிதான் மீண்டும் எடுத்தார்கள். சரியாக நூறு நாட்கள்.

அவர்கள் கேட்டது என்ன? அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுதும்போது ஒரு தொகை கொடுப்பார்கள். பிறகு அந்த நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்பினாலோ, வேறிடத்துக்கு விற்றாலோ, வருவாயில் ஒரு சிறு பங்கு எழுதியவருக்குப் போகும். தென்னந்தோப்பு வைத்தவருக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் சில காய்கள் கிடைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரிமையும் சும்மா வந்ததன்று. திரைப்படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கும்போது பங்கு வேண்டும் என்று கேட்டு 1960-இல் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்றார்கள். 1988-இல் மறுஒளிபரப்புப் பங்கு முதலிய பிரச்சினைகளுக்காக மார்ச் 7 முதல் ஆகஸ்ட் 7 வரை ஐந்து மாதங்கள் நின்றார்கள்.

2007-இல் பிரச்சினை டி.வி.டி. குறுந்தகடும் இணையமும். பதினைந்து, இருபது டாலருக்கு விற்ற ஒரு குறுந்தகட்டில் எழுத்தாளருக்குக் கிடைத்தது சுமார் 4 சென்ட்; அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஒன்றரை ரூபாய். அதை எட்டு சென்ட் ஆக்குங்கள் என்றார்கள். அத்துடன், இனி மக்கள் இணையத்தில்தான் பார்க்கப் போகிறார்கள். அங்கேயும் எங்கள் பங்கை உறுதி செய்யுங்கள் என்றார்கள். முதலாளிகளோ, இணையத்தில் என்ன வரும் என்று எங்களுக்கே தெரியாதே என்றார்கள்.

முடிவில், குறுந்தகட்டுக் கோரிக்கையை எழுத்தாளர்கள் கைவிட்டார்கள். இணையத்தில் பங்கைப் பெற்றார்கள். சில ஆண்டுகளில் குறுந்தகட்டின் காலம் மங்கியது. உலகமே இணையத்துக்கு மாறியது. விட்டுக்கொடுத்தது தேய்ந்தது, பெற்றது வளர்ந்தது. இன்று கையில் இருப்பதைவிட நாளை எது வரும் என்று பார்த்துப் பேசியவர்களின் மதிநுட்பம் நம் வியாபாரிகளும் அறிய வேண்டியது.

பார்வையாளருக்கு என்ன நேர்ந்தது? அன்றாடச் செய்திகளைக் கிண்டல் செய்யும் இரவு நேர நிகழ்ச்சிகள் முதல் நாளே நின்றன. அவை அன்று எழுதி அன்றே ஒளிபரப்பாகிறவை. வாரத்துக்கு ஒன்றாக வரும் கதைத் தொடர்களுக்குச் சில வாரச் சரக்கு இருந்தது. அது தீர்ந்ததும் அவையும் நின்றன. சில தொடர்கள் பாதியிலேயே அந்த ஆண்டை முடித்துக்கொண்டன. 2008 ஜனவரியில் நடக்கவேண்டிய 'கோல்டன் குளோப்' விருது விழா, நடிகர்களும் எழுத்தாளர் பக்கம் நின்றதால், வெறும் செய்தியாளர் சந்திப்பாகச் சுருங்கியது.

வெற்றிடத்தை நிரப்ப அலைவரிசைகள் எதைத் தேடின தெரியுமா? எழுத்தாளர் தேவைப்படாத நிகழ்ச்சிகளை. போட்டி, சண்டை, அழுகை, மறைகாமிரா. 1988 வேலைநிறுத்தத்துக்கு மறு ஆண்டு, காவலர்களின் பின்னால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் 'காப்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கிற்று. அதற்கு வசனகர்த்தா வேண்டாம்; செலவும் குறைவு. வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் அத்தகைய நிகழ்ச்சிகள் போய்விடவில்லை. எழுத்தாளருக்குக் கொடுக்க மனமில்லாத இடத்தில் கூச்சல் குடியேறுகிறது. பிறகு அது வீட்டைக் காலி செய்வதில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க கதை குறைந்துவிட்டதே என்று குறைப்படும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைமடை

வேலைநிறுத்தம் என்றால் எல்லாம் வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. நம் மேலூர்ப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். பெரியாறு பாசனக் கால்வாயில் மதகை அடைத்தால் முதலில் காய்வது யார் வயல்? கடைமடைக்காரரின் வயல். தலைமடையில் உள்ளவர் இன்னும் பத்து நாள் தாங்குவார்.

அமெரிக்காவின் நூறு நாட்களிலும் அப்படித்தான் நடந்தது. கலிஃபோர்னியாவின் பொருளாதாரத்துக்கு இருநூறு கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று மில்கன் ஆய்வு நிறுவனம் கணித்தது. அந்த இழப்பில் பெரும்பகுதி முதலாளிகளின் தலையில் விழவில்லை. தச்சர், தையல்காரர், ஓட்டுநர், தளத்துக்குச் சாப்பாடு கொடுப்பவர், பூ விற்பவர் என்று பேனாவையே தொடாதவர்கள் வீட்டிலிருந்தார்கள். எழுத்தாளரின் வழக்கில் அவர்களுக்கு வாதமும் இல்லை. தீர்ப்பில் பங்கும் இல்லை. வாடகை மட்டும் மாதம் பிறந்தால் வந்து நின்றது.

ஆகவே, பேச்சில் தீர்க்கக்கூடியதைத் தெருவுக்குக் கொண்டுவருவது பெரும் பொறுப்பான காரியம். ஆனால், பேச்சை மதிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் அந்தக் கடைமடை காய்ந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே. வேலைநிறுத்தம் செய்தவரைப் பழிக்கும் நாம் அவர்களைக் கேட்பதேயில்லை.

இயந்திரத்துக்கு எதிராக

2023-இல் அதே அமெரிக்க எழுத்தாளர்கள் மறுபடியும் நின்றார்கள். மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாட்கள். ஜூலை 14-ஆம் தேதி நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களின் வேலைநிறுத்தம் நவம்பர் 9-ஆம் தேதிதான் முடிந்தது. திரையுலகின் இரு பெரும் பிரிவினர் ஒரே நேரத்தில் நின்றது 1960-க்குப் பிறகு அதுவே முதல் முறை. செப்டம்பரில் நடக்கவேண்டிய எம்மி விருது விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று.

இம்முறை கோரிக்கைகளில் புதியது ஒன்று இருந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை வைத்துக் கதை எழுதிவிட்டு, மனிதரை அழைத்து, "இதைக் கொஞ்சம் சரிசெய்து கொடு" என்று குறைந்த கூலிக்கு வாங்கிவிடக்கூடாது என்றார்கள். இயந்திரம் கொடுப்பதை எழுத்தாளரின் படைப்பாகக் கருதக்கூடாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று உடன்பாட்டில் எழுதி வாங்கினார்கள். அதிகம் பேர் பார்க்கும் இணையத் தொடர்களுக்கு மேல்தொகையும் பெற்றார்கள்.

இது எங்கோ நடந்த சங்கதி என்று தள்ள முடியவில்லை. என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர் பேச்சுப் போட்டிக்கு உரை எழுதி வந்தார். ஒரு பிழையும் இல்லை; ஓர் உயிரும் இல்லை. "நீங்கள் எழுதியதா?" என்றேன். தலை குனிந்தார். "போனில் கேட்டேன் ஹஜ்ரத், கொடுத்துவிட்டது" என்றார். நான் கடிந்துகொள்ளவில்லை. எழுத்து என்பது ஒருவரின் உழைப்பு என்று நாம் அவருக்கு எப்போது காட்டியிருக்கிறோம்?

நம் நாட்டு நிலை

அமெரிக்காவில் எழுத்தாளர் நின்றால் தொழில் நிற்பதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் எல்லாம் எழுத்தாளர் சங்கத்தோடு ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை. குறைந்தபட்சக் கூலி, பங்கு, பெயர் போடும் முறை அனைத்தும் அதில் அடங்கும். ஒருவர் விலகினால் அவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க முடியாது.

நம் நாட்டில் அப்படியில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே பேசிக்கொள்வதுதான் வழக்கம். ஒருவர் நின்றால் நாளைக்கு வேறொருவர். அவரும் கிடைக்காவிட்டால் வேற்றுமொழித் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போட்டுவிடலாம். டப்பிங் தொடர்களால் எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று சென்னைச் சின்னத்திரைக் கலைஞர்கள் குரல் எழுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1997-இல் 'பெப்சி' எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் படைப்பாளிகள் தரப்புக்கும் மூண்ட பிணக்கில் தமிழ்த் திரையுலகமே முடங்கியதும் நினைவிருக்கும். கூட்டாக நின்றபோதுதான் இங்கே எதுவும் நின்றிருக்கிறது.

எழுதியவரின் பெயரைப் போடுவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1973-இல் 'சஞ்சீர்' என்ற இந்திப்படம் வெளிவந்தபோது, அதை எழுதிய சலீம்கான், ஜாவேத் அக்தர் இருவரின் பெயரும் சுவரொட்டியில் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே ஒரு பெயிண்டரை அமர்த்தி, மும்பையில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் தங்கள் பெயரை எழுதச் செய்தார்கள்! அந்த ஜாவேத் அக்தர்தான் பிற்காலத்தில் மாநிலங்களவை உறுப்பினராகி, பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்காக வாதாடினார். 2012-இல் அத்திருத்தம் நிறைவேறியது. திரைப்படத்துக்கு எழுதியவரின் எழுத்து, திரையரங்கில் அப்படத்தோடு காட்டப்படுவதற்கு அப்பால் வேறு வகையில் பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் அவருக்குச் சமபங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது என்பது அதன் சாரம். சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த வேலை கிடைக்குமோ என்று அஞ்சும் எளியவர் அதை எப்படிக் கேட்பார்?

எனக்கு நேர்ந்ததும் நான் செய்ததும்

இவ்வளவையும் வெளியில் நின்று பேசுவதாக எண்ணவேண்டாம். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு.

பட்டப்படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். உள்ளூர்க் கேபிள் அலைவரிசை ஒன்றில் ரமலான் மாதச் சஹர் நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்றார்கள். ஒரு குடும்பத்தார் சஹருக்கு எழுந்து உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல் முப்பது நாளைக்கு முப்பது உரையாடல்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். நெல்பேட்டையிலும் மகபூப்பாளையத்திலும் வழியில் கண்டவர்கள் நேற்று வந்த பகுதியைப் பற்றி என்னிடமே சொல்லிச் சிரித்தபோது மனம் குளிர்ந்தது.

ஒளிப்பதிவு செய்தவருக்கு நாள்கூலி கொடுத்தார்கள். விளக்குக்கு வாடகை கொடுத்தார்கள். படம் பிடித்த வீட்டுக்கு மின்கட்டணம்கூடக் கொடுத்தார்கள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எழுத்துக்கு என்ன தம்பி காசு? உங்களுக்கு நன்மை எழுதப்படும்" என்றார்கள். மறு ஆண்டு ரமலானில் அதையே மீண்டும் ஒளிபரப்பினார்கள். குறுந்தகடாகவும் விற்றார்கள். என் பெயர் எதிலும் இல்லை.

வீட்டில் வந்து சொன்னேன். என் அத்தா அதிகம் படித்தவர் அல்லர். "நன்மையை அல்லாஹ் தருவான்ப்பா. கூலியை அவங்கதானே தரணும்?" என்றார்.

ஆண்டுகள் உருண்டன. நான் ஆசிரியனானேன். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் தேவைப்பட்டது. முன்னாள் மாணவர் ஒருவரிடம் எழுதச் சொன்னேன். செல்பேசிக் கடையில் வேலை பார்க்கும் அவர், இரவில் கண்விழித்து நாற்பது நிமிட நாடகம் எழுதிக் கொடுத்தார். பெற்றோர்கள் கண்கலங்கினார்கள். பந்தல்காரருக்குக் கொடுத்தோம், மைக்செட்காரருக்குக் கொடுத்தோம், பிரியாணி சமைத்தவருக்குக் கொடுத்தோம். அந்த இளைஞரின் தோளில் தட்டி நான் சொன்னது என்ன தெரியுமா? "உங்களுக்கு நன்மை கிடைக்கும்."

அவ்வாண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்க எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் முடிந்த செய்தியை நாளிதழில் படித்துக்கொண்டிருந்தேன். நியாயம் வென்றது என்று மகிழ்ந்த அதே நொடியில் அந்த இளைஞரின் முகம் கண்முன் வந்து நின்றது. அத்தாவின் குரலும் காதில் ஒலித்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டேன்.

மதரஸாவின் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "அவன் நம்ம பையன்தானே" என்றார். "நம்ம பையன் என்பதால்தான் நாம் கொடுக்க வேண்டும்" என்றேன். ஒப்புக்கொண்டார். உறையை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். அவர் வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கையில் வைத்ததும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ஹஜ்ரத், எழுதினதுக்குன்னு என் கையில வந்த முதல் காசு இதுதான்" என்றார். தொகை பெரிதன்று. எட்டு மாதம் தாமதித்த வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது எங்கள் ஆண்டு விழாச் செலவுப் பட்டியலில் பந்தல், மைக்செட், சாப்பாடு என்பவற்றோடு 'எழுதியவருக்கு' என்றும் ஒரு வரி இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

அமெரிக்க ஒப்பந்தத்தையோ மும்பை உடன்பாட்டையோ நம்மால் திருத்த முடியாது. ஆனால் நம் கைக்கெட்டிய தூரத்தில் எத்தனையோ எழுத்துகள் நடக்கின்றன. பள்ளி விழா நாடகம், நிக்காஹ் வாழ்த்துமடல், ஜமாஅத் மலர்க் கட்டுரை, கடைத் திறப்புக்கு விளம்பர வாசகம், தலைவர் பேசப்போகும் உரை. இவற்றையெல்லாம் எழுதுகிற பிள்ளை யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான். அச்சுக்கூலி கொடுக்கிறோம், காகித விலை கொடுக்கிறோம். எழுதிய பிள்ளைக்கும் ஏதேனும் கொடுங்கள். முதலிலேயே பேசிக் கொடுங்கள். இரண்டாம் முறை அதைப் பயன்படுத்தினால் மறுபடி ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரைப் போடுங்கள். கூலியைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுத்துக்கு அதில் விலக்கு உண்டென்று எங்கும் சொல்லப்படவில்லை.

மனமுவந்து நன்மையை நாடி இலவசமாக எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் நிறைவான கூலியைத் தருவானாக. ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. வாங்குகிறவர் எடுக்கும் முடிவன்று.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தொடரின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது, பாட்டு முடியட்டும் என்று அடுப்படிக்கு எழுந்து போகிறோம் அல்லவா? ஒரு நாள் அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். "கதை இவர், வசனம் இவர்" என்று காட்டுங்கள். இது வானத்திலிருந்து விழுவதன்று, ஒருவர் உட்கார்ந்து எழுதுவது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் எழுதுகிற பிள்ளை இருக்கலாம்.

என் தாயாருக்கு இப்போது கண்பார்வை சற்று மங்கல். பெயர்கள் ஓடும்போது பேத்தியை வாசிக்கச் சொல்கிறார். சென்ற வாரம் ஒரு தொடரில் வசனம் எழுதுபவரின் பெயர் மாறியிருந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, பழைய ஆளை ஏன் மாத்திட்டாங்க? அவருக்குக் காசு ஒழுங்காக் கொடுத்தாங்களாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி சரியானது.